படையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? உத்திசார் ஆய்வுக்கு ஓர் அறிமுகம்

குடியரசு தின அணிவகுப்பைப் பார்க்க ராமகிருஷ்ணாபுரத்திலிருந்தும் கரோல் பாக்கிலிருந்தும் தில்லித் தமிழ்க் குடும்பங்கள் ஜனவரிக் குளிரில் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடும். கர்தவ்ய பாதையில் ஏவுகணை வண்டி உருண்டு வரும்போது பிள்ளைகள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: இது எவ்வளவு தூரம் போகும்? அப்பாக்களும் சளைக்காமல் கிலோமீட்டர் கணக்கைச் சொல்வார்கள். விருந்தினர் வரிசையில் வெளிநாட்டுத் தூதரகங்களின் ராணுவ அதிகாரிகளும் அதே வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குத் தூரம் ஏற்கெனவே தெரியும். அவர்கள் யோசிப்பது வேறு. இதை ஏன் இந்த ஆண்டு காட்டுகிறார்கள்? யார் பார்ப்பதற்காகக் காட்டுகிறார்கள்? எந்த நிலைமை வந்தால் இதை எடுப்பார்கள், எந்த நிலைமை வந்தாலும் எடுக்கவே மாட்டார்கள்?

இந்த இரண்டாம் வகைக் கேள்விகளை முறையாகக் கேட்கக் கற்றுத்தரும் துறைதான் ஸ்ட்ராட்டஜிக் ஸ்டடீஸ். இங்கே அதை உத்திசார் ஆய்வு என்று அழைக்கலாம். சர்வதேச உறவுகள் என்ற பெரிய பாடத்தின் ஒரு பிரிவு அது. ஓர் அரசு தன் அரசியல் நோக்கத்தை அடையப் படைபலத்தை எப்படிப் பயன்படுத்துகிறது அல்லது பயன்படுத்துவேன் என்று எப்படி மிரட்டுகிறது என்பதே அதன் மையப்பொருள். இந்த வரையறையின் பின்பாதியைப் பலர் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இத்துறையின் சாரம் அந்தப் பின்பாதியில்தான் இருக்கிறது. ஏவப்படாத ஏவுகணைக்கும் எல்லைவரை வந்து நின்றுவிட்ட டாங்கிப் படைக்கும் அரசியலில் என்ன மதிப்பு? இதற்கு விடை தேடுவதில்தான் இத்துறை தன் நேரத்தில் பெரும்பகுதியைச் செலவிட்டிருக்கிறது.

பழைய ராஜிந்தர் நகரிலும் முகர்ஜி நகரிலும் ஆட்சிப்பணித் தேர்வுக்குப் படிக்கும் நம் ஊர் மாணவர்கள் இதைப் பக்கத்துத் துறைகளோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வதுண்டு. சர்வதேச உறவுகள் என்பது வணிகம், பருவநிலை, ஐ.நா., அகதிகள் என்று எல்லாவற்றையும் தொடும். ராணுவவியல் என்பது ஒரு மலை முகட்டை எப்படிப் பிடிப்பது, பாலத்தை எத்தனை மணி நேரத்தில் போடுவது என்பதைப் பற்றியது. உத்திசார் ஆய்வு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அந்த முகட்டைப் பிடித்தால் எதிரி நாட்டின் தலைநகரில் என்ன முடிவு மாறும் என்று அது கேட்கும். மாறாது என்றால், முகட்டை ஏன் பிடிக்க வேண்டும் என்று அடுத்து கேட்கும். தளபதிகளுக்கு இந்தத் துறையின் மேல் சில சமயம் எரிச்சல் வருவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சிவில் ஆட்கள் நுழைந்த கதை

துறையின் மூதாதை என்று எல்லோரும் கைகாட்டுவது பிரஷ்ய அதிகாரி கார்ல் வான் கிளாஸ்விட்ஸை. நெப்போலியனுக்கு எதிரான போர்களில் நேரடியாகப் பங்கெடுத்தவர். 1831-ல் இறந்தார். எழுதி முடிக்காமல் விட்டுப்போன அவருடைய கையெழுத்துப் பிரதிகளை மனைவி மேரி அடுத்த ஆண்டு முதல் பதிப்பித்து வெளியிட்டார். போர் என்பது அரசியலின் தொடர்ச்சி, வழிமுறைதான் வேறு என்பது அவருடைய கருத்து. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் அதை ஏற்றுக்கொண்டால் பின்விளைவுகள் பெரியவை. போரில் வெற்றி என்பதைக் களத்தில் விழுந்த பிணங்களைக் கொண்டு அளக்க முடியாது. அரசியல் நோக்கம் நிறைவேறியதா என்றுதான் பார்க்க வேண்டும். எல்லாச் சண்டைகளிலும் ஜெயித்துப் போரில் தோற்பதும் சாத்தியம். வியட்நாமில் அமெரிக்கா அதைத்தான் கண்டது.

நம்மவர்கள் உடனே அர்த்தசாஸ்திரம் எழுதிய கௌடில்யரையும் வள்ளுவரையும் அழைத்து வந்துவிடுவார்கள். அழைக்கட்டும், தகுதி உண்டு. தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த ஓலைச்சுவடியிலிருந்து மைசூர் நூலகர் சாமசாஸ்திரி 1909-ல் அர்த்தசாஸ்திரத்தை அச்சில் ஏற்றிய பிறகு, இந்தியர்கள் அரசியல் உத்தியைப் பற்றிச் சிந்தித்ததே இல்லை என்ற பேச்சு எடுபடவில்லை. வள்ளுவரும் வினைவலி, தன்வலி, மாற்றான் வலி, துணைவலி ஆகிய நான்கையும் தூக்கிப் பார்த்துச் செயல்படச் சொல்கிறார். பட்டியல் இன்றைக்கும் செல்லும். ஆனால் மாற்றானும் அதே குறளைப் படித்துவிட்டு நம்மைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நாம் அவனை எடைபோடுகிறோம் என்பதும் அவனுக்குத் தெரியும். அவன் நம் அடுத்த அடியை ஊகித்துத் தன் அடியை மாற்றுவான். அதை ஊகித்து நாமும் மாற்றுவோம். நவீனத் துறை தன் வேலையைத் தொடங்குவது இந்த முடிச்சிலிருந்து.

பல்கலைக்கழகத் துறையாக இது உருவெடுத்ததற்கு நேரடிக் காரணம் 1945 ஆகஸ்ட். ஹிரோஷிமா, நாகசாகிக்குப் பிறகு எந்தத் தளபதிக்கும் அனுபவம் இல்லாத ஓர் ஆயுதம் மேசைமேல் இருந்தது. இரண்டு தரப்பும் வைத்துக்கொண்டு நடத்திய அணுப் போர் ஒன்றுகூட நடந்ததில்லை. ஆகவே ஜெனரலின் முப்பது வருட அனுபவமும் பேராசிரியரின் ஊகமும் ஒரே தட்டில் வந்து நின்றன. யேல் பல்கலைக்கழகத்திலிருந்த பெர்னார்ட் பிராடி 1946-லேயே இதைக் கண்டுகொண்டார். இதுவரை படையின் தலையாய வேலை போரில் வெல்வது, இனிமேல் போரைத் தவிர்ப்பதே அதன் தலையாய வேலை என்று எழுதினார்.

பிறகு வந்தவர்களின் பூர்வீகத்தைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். 1948-ல் தனி நிறுவனமாகிய ராண்ட், கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா கடற்கரையோரத்தில் அமெரிக்க விமானப்படைக்காக ஆய்வு செய்தது. அங்கே கணிதக்காரர்கள், பொருளியலாளர்கள், இயற்பியலாளர்கள் நிறைந்திருந்தார்கள். ஆல்பர்ட் வோல்ஸ்டெட்டர் கணிதத் தர்க்கம் படித்தவர். அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களை எந்தத் தளங்களில் நிறுத்துவது என்ற வறண்ட நிர்வாகக் கேள்வியை அவரிடம் கொடுத்தார்கள். சோவியத் எல்லைக்கு அருகில் நிறுத்தினால் எரிபொருள் மிச்சம்தான். ஆனால் முதல் தாக்குதலிலேயே அத்தனையும் தரையில் எரிந்துபோகும் என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். எதிரியின் முதல் அடியைத் தாங்கிக்கொண்டு மிஞ்சி நிற்கும் ஆயுதம்தான் கணக்கில் வரும் என்ற கருத்து அதிலிருந்துதான் கூர்மையடைந்தது. தாமஸ் ஷெல்லிங் பொருளியல் பேராசிரியர். பேரம் பேசுவதைப் பற்றிய ஆய்வை அணு ஆயுதத்துக்குக் கொண்டுபோனார். 2005-ல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசும் பொருளியலுக்கானதே.

மிரட்டலை எப்படி நம்பவைப்பது?

இத்துறையின் முதல் கருத்து டிடரன்ஸ், அதாவது அச்சுறுத்தித் தடுத்தல். நீ இதைச் செய்தால் நான் அதைச் செய்வேன், அதனால் உனக்கு வரும் நஷ்டம் உன் லாபத்தைவிட அதிகமாக இருக்கும், ஆகவே செய்யாதே. மூன்று பொருத்தங்கள் அமைந்தால்தான் இது பலிக்கும். திருப்பியடிக்கும் திறன் இருக்க வேண்டும். அடிப்பேன் என்ற உறுதியை எதிரி நம்ப வேண்டும். எதைச் செய்தால் அடி விழும் என்பது அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். திறனை வாங்கிவிடலாம், பணம் இருந்தால் போதும். பெரும்பாலும் சிக்கல் வருவது நம்பவைப்பதில்தான்.

ஏன் சிக்கல்? அணு ஆயுத மிரட்டலை நிறைவேற்றினால் மிரட்டியவனும் அழிவான். தன்னையே அழித்துக்கொள்வேன் என்று சொல்பவனை யார் நம்புவார்கள்? இங்கேதான் ஷெல்லிங் ஒரு விநோதமான உண்மையைச் சுட்டிக்காட்டினார். சில சமயங்களில் தன் கையைத் தானே கட்டிக்கொள்பவனுக்குத்தான் பலம் அதிகம்.

தில்லி முனிர்க்காவின் சந்துகளை நினைத்துப் பாருங்கள். இரண்டு கார்கள் எதிரெதிரே வந்து முட்டிக்கொண்டு நிற்கின்றன. யாராவது ஒருவர் பின்னால் எடுக்க வேண்டும். ஹாரன் அடிப்பது, கத்துவது, கையை ஆட்டுவது எதுவும் பயன்படாது, இரண்டு பேருமே அதைச் செய்கிறார்கள். இப்போது ஓர் ஓட்டுநர் எஞ்சினை அணைத்து, வண்டியைப் பூட்டிவிட்டுத் தெருமுனை டீக்கடைக்குப் போய்விடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரால் இனிப் பின்வாங்க முடியாது. முடிவெடுக்கும் சுமை முழுவதும் எதிராளியின் தலையில் விழுந்துவிட்டது. தன் வழியை அடைத்துக்கொண்டதே அவருக்குச் சாதகமாகிவிட்டது. ஆனால் எதிர்ப்பக்கத்து ஓட்டுநரும் அதே கணத்தில் பூட்டிவிட்டு வேறொரு டீக்கடைக்குப் போயிருந்தால்? சந்து முழுவதும் அன்றைக்கு அடைபட்டுக் கிடக்கும். 1962 அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் கண்டுபிடிக்கப்பட்டபோது அமெரிக்க அதிபர் கென்னடியும் சோவியத் தலைவர் குருஷேவும் பதின்மூன்று நாட்கள் அஞ்சியது இதைத்தான். எதிரி பின்வாங்குவதற்கு ஒரு வழியைத் திறந்துவைப்பதும் உத்தியின் பகுதி என்று அந்த நெருக்கடிக்குப் பிறகு எல்லாப் பாடப்புத்தகங்களும் எழுதின. துருக்கியிலிருந்து அமெரிக்க ஏவுகணைகளை அகற்றுவதாகக் கென்னடி தரப்பு ரகசியமாக ஒப்புக்கொண்டது அப்படி ஒரு வழிதான்.

இந்தியாவின் அணுக் கொள்கையை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால் பத்திரிகைச் செய்திகள் வேறு மாதிரி தெரியும். 1998 மே மாதப் பொக்ரான் சோதனைகளுக்குப் பிறகு, 1999 ஆகஸ்டில் வரைவாகவும் 2003 ஜனவரியில் அரசின் முடிவாகவும் வெளியான கொள்கையில் முக்கியமான வாக்குறுதி, நாங்கள் முதலில் பயன்படுத்த மாட்டோம் என்பது. இதை அகிம்சையின் நீட்சி என்று பாராட்டுபவர்களும் உண்டு, கோழைத்தனம் என்று திட்டுபவர்களும் உண்டு. உத்திசார் ஆய்வாளர் இரண்டையும் ஒதுக்கிவிட்டு, இந்த வாக்குறுதி ஆயுதங்களின் மேல் என்ன நிபந்தனை விதிக்கிறது என்று பார்ப்பார். முதலில் அடிக்க மாட்டோம் என்றால் முதல் அடியை வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிய பிறகும் நம்மிடம் ஆயுதம் மிஞ்ச வேண்டும். தரையிலிருப்பதைக் கண்டுபிடித்து அழித்துவிடலாம். கடலுக்கடியில் நகர்ந்துகொண்டே இருப்பதைக் கண்டுபிடிப்பது கடினம். விசாகப்பட்டினத்தில் கட்டப்பட்ட அரிஹந்த் என்ற அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் தன் முதல் தடுப்பு ரோந்தை முடித்துவிட்டது என்று 2018 நவம்பரில் பிரதமர் பகிரங்கமாக அறிவித்தார். ரகசியமாக இருக்க வேண்டிய கப்பலைப் பற்றி ஏன் பகிரங்க அறிவிப்பு? எதிரிக்குத் தெரியாத ஆயுதம் அவனைத் தடுக்காது. எங்கே இருக்கிறது என்பது ரகசியம், இருக்கிறது என்பது விளம்பரம்.

செய்யாதே என்பதும் செய் என்பதும்

ஷெல்லிங் பிரித்துக்காட்டிய இன்னொன்று: ஒருவனைச் செய்யாமல் தடுப்பது ஒரு வகை, செய்துகொண்டிருப்பதை நிறுத்தவைப்பது வேறு வகை. இரண்டாவதை நெருக்கிப் பணியவைத்தல் என்று சொல்லலாம். அது முதலாவதைவிடக் கடினம். தடுக்கப்பட்டவன், எனக்கு அந்த எண்ணமே இருந்ததில்லை என்று சொல்லி மானத்தைக் காப்பாற்றிக்கொள்வான். பணியவைக்கப்படுபவன் ஊர் பார்க்கப் பின்வாங்க வேண்டும். மேலும், தடுப்பவன் சும்மா உட்கார்ந்து காத்திருக்கலாம். பணியவைக்க முயல்பவனுக்குக் கெடு ஓடிக்கொண்டே இருக்கும்.

தில்லியில் 2001 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்றம் தாக்கப்பட்ட பிறகு இந்தியா எடுத்த முடிவு இந்த இரண்டாம் வகை. ஆபரேஷன் பராக்ரம் என்ற பெயரில் லட்சக்கணக்கான வீரர்கள் மேற்கு எல்லைக்கு அனுப்பப்பட்டார்கள். எல்லை தாண்டிய ஊடுருவலைப் பாகிஸ்தான் நிறுத்த வேண்டும், தேடப்படும் இருபது பேரை ஒப்படைக்க வேண்டும் என்பவை கோரிக்கைகள். படை எல்லையில் முழுமையாகச் சேர்வதற்கே வாரங்கள் பிடித்தன. அதற்குள் 2002 ஜனவரி 12 அன்று பாகிஸ்தான் அதிபர் முஷாரஃப் தொலைக்காட்சியில் தோன்றிப் பயங்கரவாத அமைப்புகளைத் தடை செய்வதாக அறிவித்துவிட்டார். மே மாதம் ஜம்முவின் காலூசக்கில் ராணுவக் குடும்பங்கள் தாக்கப்பட்டபோது மறுபடியும் போர் நெருங்கியது. அக்டோபரில் படைகள் திரும்ப அழைக்கப்பட்டன. இருபது பேரும் வந்து சேரவில்லை. போர் நடக்காமலேயே கண்ணிவெடி விபத்துகளில் நம் வீரர்கள் பலர் உயிரிழந்தார்கள்.

இது வெற்றியா தோல்வியா என்று தில்லியின் கருத்தரங்க அறைகளில் இன்றும் வாதம் ஓயவில்லை. என் தீர்ப்பு கொஞ்சம் கடுமையானது. எதைப் பெற்றால் திரும்பி வருவோம் என்பதை முன்கூட்டியே அளந்து வைக்காமல் படையை அனுப்பிவிட்டார்கள். அது அரசியல் தலைமையின் குறை. சிப்பாயின் தலையில் கட்டக் கூடாது.

பயம் பயத்தை வளர்ப்பது

அச்சுறுத்தல் பலிப்பதற்கு எதிரி நம்மைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றேன். தவறாகப் புரிந்துகொண்டால்? அரசியல் அறிஞர் ஜான் ஹெர்ஸ் 1950-ல் பெயர் சூட்டிய பாதுகாப்பு இக்கட்டு என்ற கருத்து இதைப் பற்றியது. என் பாதுகாப்புக்காக நான் செய்வது உனக்கு ஆபத்தாகத் தெரிகிறது. நீ அதற்குத் தயாராவது எனக்கு ஆபத்தாகத் தெரிகிறது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாமலே போருக்குப் பக்கத்தில் போய் நிற்கலாம்.

இதற்கு நம்மிடமே ஒரு பாடம் இருக்கிறது. அதன் நாயகர் செங்கல்பட்டில் பிறந்தவர். ஜெனரல் கிருஷ்ணசாமி சுந்தர்ஜி 1986-ல் ராணுவத் தளபதியானார். தளபதிகளில் அபூர்வமாக அணுப் போரைப் பற்றி எழுத்தில் வாதம் செய்தவர்; 1980-களின் தொடக்கத்தில் மோவ் ராணுவக் கல்லூரியில் இருந்தபோதே இதைப் பற்றி அதிகாரிகளிடையே அஞ்சல்வழிக் கருத்தரங்கு நடத்தியவர். அவருடைய திட்டமாக 1986 இறுதியில் ராஜஸ்தான் பாலைவனத்தில் பிராஸ்டாக்ஸ் என்ற பயிற்சி தொடங்கியது. பயிற்சி என்றால் சிறியது அல்ல. லட்சக்கணக்கான வீரர்கள், டாங்கிப் பிரிவுகள் எல்லாம் சேர்ந்த, இந்தியா அதுவரை கண்டிராத பெரிய ஒத்திகை.

பாகிஸ்தான் பக்கமிருந்து இதைப் பாருங்கள். ஒத்திகைக்கு வந்த படைக்கும் தாக்க வந்த படைக்கும் வெளித்தோற்றத்தில் வித்தியாசம் இல்லை. அவர்களுடைய குளிர்காலப் பயிற்சியும் அப்போது நடந்துகொண்டிருந்தது. அதை முடித்த படைகளை அவர்கள் முகாமுக்குத் திருப்பி அனுப்பவில்லை. பஞ்சாப் எல்லைக்கு அருகே நகர்த்தினார்கள். அவர்கள் பார்வையில் அது முன்ஜாக்கிரதை. தில்லியிலிருந்து பார்த்தால் கதை வேறு. அப்போது பஞ்சாப் காலிஸ்தான் வன்முறையில் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த இடத்துக்கு எதிரே பாகிஸ்தானின் தாக்குதல் படை வந்து நிற்கிறது. 1987 ஜனவரியில் இந்தியா அவசரமாக விமானங்களில் வீரர்களைப் பஞ்சாபுக்கு இறக்கியது. பயிற்சி என்று தொடங்கியது போர் என்று முடிந்துவிடும் நிலை.

பிப்ரவரி முதல் வாரத்தில் தில்லியில் இரு நாட்டு அதிகாரிகளும் உட்கார்ந்து பேசி, பகுதி பகுதியாகப் படைகளை விலக்க ஒப்புக்கொண்டார்கள். அதே மாதம் பாகிஸ்தான் அதிபர் ஜியா உல் ஹக் கிரிக்கெட் பார்க்கப் போகிறேன் என்று ஜெய்ப்பூர் டெஸ்ட் போட்டிக்கு வந்து இறங்கினார். சுந்தர்ஜிக்கு ஒத்திகையைத் தாண்டிய எண்ணம் இருந்ததா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். எனக்கு அந்த விவாதத்தைவிட அதன் பின்விளைவு முக்கியமாகப் படுகிறது. பெரிய ராணுவப் பயிற்சிகளை முன்கூட்டியே ஒருவருக்கொருவர் தெரிவிப்பது என்று இரு நாடுகளும் 1991 ஏப்ரலில் தில்லியில் ஒப்பந்தம் செய்துகொண்டன. அணு நிலையங்களைத் தாக்குவதில்லை என்ற 1988 டிசம்பர் ஒப்பந்தத்தின்படி, 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று இரு தரப்பும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்ளத் தொடங்கின. கார்கில் போர் நடந்த பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை. பகைவரிடையே ஏன் இத்தகைய ஏற்பாடு என்று கேட்பவர்களுக்கு 1987 ஜனவரிதான் பதில்.

நோக்கமும் கருவியும்

கிளாஸ்விட்ஸுக்குத் திரும்புவோம். நோக்கம், வழி, கருவி மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பது இத்துறையின் பழைய சூத்திரம். தமிழ் வாசகருக்கு இதை விளக்க வெளியே போக வேண்டியதில்லை, பாக் நீரிணையைத் தாண்டினால் போதும். 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தின்படி அமைதி காக்க என்று இலங்கைக்குப் போன இந்தியப் படை, அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு யாழ்ப்பாணத்தில் போரிட்டுக்கொண்டிருந்தது. அப்போதும் தளபதி சுந்தர்ஜிதான். தமிழர்களுக்குப் பாதுகாப்பு, இலங்கையின் ஒருமைப்பாடு, அந்நிய வல்லரசுகளை அங்கிருந்து தள்ளிவைத்தல் ஆகிய மூன்றும் நோக்கங்கள். மூன்றையும் ஒரே கருவியால், ஒரே நேரத்தில் அடைய நினைத்தார்கள். புலிகள் எதிரியானார்கள், கொழும்பில் அதிபர் பிரேமதாசா வெளியேறச் சொன்னார், சென்னையில் மக்கள் கோபித்தார்கள். 1990 மார்ச்சில் கடைசி வீரர் திரும்பும்போது ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரிழந்திருந்தார்கள். அங்கே இறந்த ஈழத் தமிழர்களை அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

யார் துரோகி என்ற கேள்வியை வைத்துக்கொண்டு இந்த வரலாற்றைப் பேசியே நாம் பழகிவிட்டோம். நோக்கமும் கருவியும் எங்கே பிரிந்தன என்று கேட்டால் கோபம் குறையாது. ஆனால் வேறு சில உண்மைகள் கண்ணில் படும்.

தில்லியில் இத்துறை

சர்வதேச ஆய்வுகளுக்கான இந்தியப் பள்ளி 1955-ல் பாரகம்பா சாலையில் உள்ள சப்ரு ஹவுஸில் தொடங்கியது. 1970-ல் அது ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் இணைந்தது. ஆனால் படைபலத்தைப் பற்றிய ஆய்வுக்கென்று தனி நிறுவனம் வருவதற்கு இரண்டு அதிர்ச்சிகள் தேவைப்பட்டன: 1962-ல் சீனாவிடம் பட்ட அடி, 1964 அக்டோபரில் சீனாவின் அணுச் சோதனை. 1965 நவம்பரில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பிறந்தது. ஐ.டி.எஸ்.ஏ. என்ற பெயரில் தில்லிக்காரர்களுக்குத் தெரியும். இப்போது மனோகர் பாரிக்கரின் பெயரைத் தாங்கி, கண்டோன்மென்ட் பகுதியில் இருக்கிறது.

அந்த நிறுவனத்துக்கு முகம் கொடுத்தவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த கே. சுப்ரமணியம். சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டு ஆட்சிப்பணிக்கு வந்தவர். 1968-லிருந்து 1975 வரையிலும் மறுபடியும் 1980-லிருந்து 1987 வரையிலும் அதன் இயக்குநராக இருந்தார். அரசு அலுவலர்கள் வாய் திறக்காத காலத்தில், இந்தியாவுக்கு அணு ஆயுதம் தேவை என்று பத்திரிகைகளில் எழுதிக்கொண்டே இருந்தார். அமெரிக்கர்கள் அவரைப் பருந்து, அதாவது கடும்போக்குக்காரர், என்றார்கள். ஆனால் 1999-ல் வரைவு அணுக் கொள்கையை உருவாக்கிய ஆலோசனைக் குழுவுக்குத் தலைமை ஏற்றபோது, முதலில் பயன்படுத்த மாட்டோம் என்ற வாக்குறுதியை அதில் வைத்ததும் அவருடைய குழுதான். அணுகுண்டு என்பது சண்டையிடும் கருவியே அல்ல, பிறர் அதைப் பயன்படுத்தாமல் தடுப்பதோடு அதன் வேலை முடிந்தது என்பது அவர் நிலைப்பாடு. 1946-ல் பிராடி நின்ற இடத்துக்கு அவர் வேறு பாதையில் வந்து சேர்ந்தார் என்று சொல்லலாம். வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரின் தந்தை என்று இப்போது அவரை அறிமுகப்படுத்துகிறார்கள். ஒரு காலத்தில் அறிமுகம் எதிர்த்திசையில் நடந்தது.

கார்கில் போருக்குப் பின் அமைந்த ஆய்வுக் குழுவுக்கும் அவரே தலைவர். அணுச் சோதனை நடத்தி ஓராண்டு ஆவதற்குள் இரு நாடுகளும் கார்கில் மலைகளில் மோதியது இத்துறைக்கே ஒரு சோதனை. அமெரிக்க ஆய்வாளர் கிளென் ஸ்னைடர் 1965-ல் எழுதிய முரண்பாடு இதுதான்: பெரிய போர் நடக்கவே முடியாது என்ற உறுதி வந்துவிட்டால், சின்னச் சண்டையைத் துணிந்து தொடங்கலாம் என்ற தைரியமும் கூடவே வந்துவிடும். கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று நம் விமானப்படைக்கு அன்று உத்தரவு இருந்தது. 2019 பிப்ரவரியில் பாலாகோட்டில் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. 2025 மே மாத ஆபரேஷன் சிந்தூரில் தாக்குதல் இன்னும் ஆழமாகப் போனது. ஒவ்வொரு முறையும் ஏணியில் ஒரு படி மேலே. உச்சிப் படி எங்கே என்று இரு தரப்புக்கும் ஒரே கணக்கு இருக்கிறதா என்பதுதான் இன்றைக்கு இத்துறையில் வேலை செய்பவர்களைத் தூங்கவிடாத கேள்வி.

குறை சொல்பவர்கள் சொல்வது

துறைக்கு வெளியிலிருந்து வரும் முக்கியமான குற்றச்சாட்டு, இது மனிதர்களை மறந்துவிடுகிறது என்பது. லட்சக்கணக்கான சாவுகளைப் பட்டியலிட்டு ஒப்பிட்டுப் பார்க்கும் குளிர்ந்த மூளை இதற்கு இருக்கிறது, அது உண்மைதான். சர்வதேச உறவுகள் அறிஞர் ஹெட்லி புல் 1968-ல் இதற்குப் பதில் எழுதினார். போரைப் படிப்பவன் போரை விரும்புகிறவன் என்று சொல்லக் கூடாது, படிக்காமல் விட்டால் ஆயுதம் மறைந்துவிடாது என்று அவர் வாதிட்டார். பாதிக்கு மேல் எனக்கு உடன்பாடு. மீதிக்கு ராமேஸ்வரம் மீனவரை நினைத்துக்கொள்வேன். எல்லைக் கோடு, கடற்படை, இரு அரசுகள் என்று இத்துறை வரையும் படத்தில் அவருடைய வலையும் படகும் எங்கேயும் வராது. அவருக்குப் பாதுகாப்பு என்றால் என்ன என்று கேட்பதற்காகத்தான் 1980-களில் பாரி புசான் போன்றோர் பாதுகாப்பு ஆய்வு என்ற அகலமான துறையை வளர்த்தார்கள். உணவு, நீர், சுற்றுச்சூழல், அடையாளம் எல்லாம் அதில் அடங்கும். இப்போது பல பல்கலைக்கழகங்களில் உத்திசார் ஆய்வு அந்த அகலமான துறைக்குள் ஒரு பிரிவாகவே நடத்தப்படுகிறது.

படிக்க விரும்புகிறவர்களுக்கு வாய்ப்புகள் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு மற்றும் உத்திசார் ஆய்வுகளுக்கென்றே தனித் துறை இருக்கிறது, தில்லியில் ஜே.என்.யு. இருக்கிறது, யு.ஜி.சி. நெட் தேர்விலும் இது தனிப் பாடம். எங்கே சேர்ந்தாலும் ஏவுகணைகளின் தூரத்தை மனப்பாடம் செய்வதில் முதல் ஆறு மாதத்தை வீணாக்க வேண்டாம். அந்த விவரங்கள் வேண்டும்போது கிடைக்கும். ஒரே ஒரு நெருக்கடியை எடுத்துக்கொண்டு இரண்டு தலைநகரங்களிலிருந்தும் நாள் நாளாக எழுதிப் பாருங்கள். இந்தத் தேதியில் இவர்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, எதற்குப் பயந்தார்கள், எதைப் பெற்றால் நிறுத்தியிருப்பார்கள் என்று. பின்னால் நடந்தது நமக்குத் தெரியும் என்பதை எழுதும்போது மறக்க வேண்டும். அதுதான் பயிற்சியிலேயே கடினமானது.

கார்கில் குழுவின் அறிக்கையிலிருந்து தொடங்கலாம். 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது, புத்தகமாகவும் கிடைக்கிறது. உளவுத் துறைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாததைப் பற்றிய பகுதிகளை முதலில் படியுங்கள். அதைத் தொடர்ந்து அமைந்த அமைச்சர்கள் குழு 2001-ல் பரிந்துரைத்த முப்படைத் தலைமைத் தளபதி பதவிக்கு முதல் ஆள் 2020 ஜனவரியில்தான் வந்தார் என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புக் காரணம் காட்டி நீக்கப்பட்ட இடங்கள் அந்த அறிக்கையில் ஆங்காங்கே வரும். எந்த விஷயத்தைப் பேசும்போது வாக்கியம் பாதியில் அறுபடுகிறது என்று கவனித்துப் படித்தால், அச்சிட்ட பக்கங்கள் சொல்லாத சிலவற்றையும் தெரிந்துகொள்ளலாம்.